கமலவேணியின் பரண்

என்டர் விசையை அமுக்குவதற்கு முன் கமலவேணி இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். அடித்த வரியை உதடு அசைய ஒரு முறை படிப்பார். எழுத்து சரி, இடைவெளி சரி, புள்ளி சரி என்று தோன்றிய பிறகுதான் வலது கைச் சுண்டுவிரல் மெல்லப் போய் அந்த விசையில் இறங்கும். அந்த நேரம் பார்த்து யாராவது உள்ளே வந்து பேச்சுக் கொடுத்தால், திரும்பிப் பார்க்காமலே "சித்த இருங்க சாமி" என்பார். வந்தவர் முதலாளியானாலும் சரி, தண்ணீர் கேன் போடுபவரானாலும் சரி.

நாமக்கல்லுக்கு வெளியே மோகனூர் சாலையில் இருக்கிறது அந்த ஹேச்சரி. பதினான்கு பெரிய இயந்திரங்களுக்குள் முட்டைகளை அடுக்கி வைத்துக் குஞ்சு பொரிக்க வைக்கிற இடம். கோழிகளுக்குத் தடுப்பு மருந்து விற்கிற நான் செவ்வாய்தோறும் அங்கே போவேன். முதலாளி குருமூர்த்தி என்னை எப்போதும் முக்கால் மணி நேரமாவது காக்க வைப்பார். காத்திருக்கும் நேரத்தைக் கமலவேணியின் அறையில் கழிப்பது என் வழக்கம். காரணம் எளியது. முட்டைகளுக்கு அடுத்தபடியாக அந்த வளாகத்தில் நல்ல ஏ.சி. இருப்பது அந்த அறையில்தான். வெளியே நூற்று மூன்று டிகிரி கொளுத்தும்போது உள்ளே அவர் ஆண்கள் போடும் நீல ஸ்வெட்டர் ஒன்றைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அது அவருடைய கணவர் சின்னண்ணனுடையது. அவர் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருக்கிறார், மழைக்காலத்தில்தான் ஊர் திரும்புவார்.

"அவரு பூமிக்குள்ள எறங்கறாரு, நான் இந்தப் பொட்டிக்குள்ள எறங்கறேன். ரெண்டு பேருக்கும் உள்ள என்ன இருக்குதுன்னு கண்ணுக்குத் தெரியாதுங்க" என்று ஒரு நாள் சொன்னார்.

அந்தப் பெட்டிதான் நெட்வொர்க் சுவிட்ச். ஆர்மோனியத்தை அமுக்கித் தட்டையாக்கியது போல இருக்கும். முன்பக்கம் இருபத்து நான்கு துளைகள், ஒவ்வொன்றிலும் ஒரு நீல வயர், வயருக்கு மேலே ஒரு பச்சை விளக்கு. பதினான்கு இயந்திரங்களின் சூடும் ஈரப்பதமும் அந்த வயர்கள் வழியாகத்தான் வந்து திரையில் விழுகின்றன. சூடு அரை டிகிரி கூடினால் மூன்று பேருடைய செல்போன் அலறும். போன வருடம் ஒரு விசிறி நின்றுபோனபோது அந்த அலறல்தான் ஒரு இயந்திரத்து முட்டைகளைக் காப்பாற்றியது.

கமலவேணிக்கு வயது நாற்பத்து நான்கு. சொந்த ஊர் திருச்செங்கோட்டுப் பக்கம். படித்தது தட்டச்சு, தமிழிலும் ஆங்கிலத்திலும் ஹையர். ஹேச்சரியில் சேர்ந்தது முட்டை வரவை கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலைக்கு. சுவிட்ச் வந்த புதிதில் அதற்கு ஏதாவது ஆனால் சேலத்திலிருந்து ஓர் எஞ்சினியர் வர வேண்டும். அவர் வர இரண்டு நாள் ஆகும். ஒரு நாள் வர முடியாமல் போனில் சொல்லச் சொல்ல இவர் அடித்தார். இரண்டாம் முறையும் அப்படியே.

"மூணாவது தடவை அவரு சொல்லி முடிக்கறதுக்குள்ள நான் அடிச்சு முடிச்சுட்டேனுங்க. சரிங்கம்மான்னு போனை வெச்சுட்டாரு. அதுக்கப்பறம் நானும் கூப்புடுல, அவரும் வருல."

தட்டச்சுப் பள்ளியின் பழக்கம் இன்னும் போகவில்லை. பத்து விரலும் வேலை செய்யும். மவுஸைத் தொடுவதில்லை, அது மேசை ஓரத்தில் துணி போர்த்திக்கொண்டு கிடக்கிறது. மற்றவர்கள் 'ஷோ ரன்' என்று மூன்று மூன்று எழுத்தோடு நிறுத்துகிற கட்டளையை இவர் 'ஷோ ரன்னிங் கான்ஃபிக்' என்று கடைசி எழுத்து வரை அடிப்பார். பாதியில் விட்டால் மரியாதை இல்லையாம்.

சுவிட்சுக்குள் கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று நான் கேட்டபோது அவர் யோசிக்கவே இல்லை. "ரெண்டு எடம் இருக்குதுங்க. ஒண்ணு அடுப்பு, இன்னொண்ணு பரண். இப்ப ஓடிட்டு இருக்கறது அடுப்புல. கரண்ட் போயி வந்தா அடுப்பு அணைஞ்சு பத்தும், எல்லாம் போயிரும். பரண்ல ஏத்தி வெச்சது மட்டும்தான் நிக்கும்."

சமைத்ததை யார் பரணில் வைப்பார்கள் என்றேன்.

"ஊறுகா வெப்பமுங்க" என்றார்.

அமைப்பை மாற்றும்போதெல்லாம் பழையதை ஒரு பெயரிட்டுப் பரணில் ஏற்றிவிடுவார். பெயரில் தேதி இருக்கும், கூடவே அன்று நடந்த ஏதாவது ஒன்றும் இருக்கும். ஒரு கோப்பின் பெயர் 'பாம்பு'. அன்று அலமாரிக்கு அடியில் சாரைப்பாம்பு புகுந்துகொண்டதாம். இன்னொன்று 'முதலாளி கோபம்'. எல்லாம் ஆங்கில எழுத்தில் தமிழ். கல்லூரியில் படிக்கும் மகள் இலக்கியா இதைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று சொல்லும்போது இவர் முகத்தில் வருத்தம் தெரியவில்லை. "தேதி மறந்துரும், பாம்பு மறக்குமுங்களா?"

கடந்த மே மாதத்துச் செவ்வாய் ஒன்றில் நான் போனபோது மணி இரண்டு. சுவிட்ச்சை ஓட வைக்கிற மூலக் கோப்புக்குப் புதுப் பதிப்பு வந்திருந்தது. பழசுக்குப் பதிலாக வரப்போகும் புது இயந்திரங்கள் இரண்டை இணைக்க அது வேண்டும் என்று, சுவிட்ச்சைப் பராமரிக்கும் கோவை நிறுவனத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். பரண் சின்னது, பழைய கோப்பும் புதுக் கோப்பும் சேர்ந்து அதில் நிற்காது. எனவே முதலில் பழையதை அழிக்க வேண்டும், பிறகு புதியதை ஏற்ற வேண்டும். அழிப்பதற்கு முன் பழையதற்குத் தன் லேப்டாப்பில் நகல் இருக்கிறதா என்று கமலவேணி பார்த்தார். இருந்தது. பெயர் சரி, தேதி சரி. டெலீட் கட்டளையை அடித்தார், படித்தார், சுண்டுவிரல் இறங்கியது. பழைய கோப்பு போயிற்று.

புதியது ஏறும்போது திரையில் வரிசையாக ஆச்சரியக்குறிகள் விழுந்தன. ஒவ்வொரு குறியும் ஒரு துண்டு பத்திரமாக வந்து சேர்ந்ததற்கு அடையாளம். துண்டு வராவிட்டால் ஆச்சரியக்குறிக்குப் பதில் புள்ளி விழும். புள்ளியே இல்லாமல் ஏறி முடிந்தது. பிறகு கோப்பு முழுசாக இருக்கிறதா என்று சோதிக்கும் கட்டளையை அடித்தார். நீளமான எண் ஒன்று வந்தது. கோவையிலிருந்து வந்த காகிதத்தில் இருந்த எண்ணோடு அதை ஒப்பிட்டார். பொருந்தவில்லை. மறுபடி ஏற்றினார். மறுபடியும் அதே தவறான எண்.

கோவைக்குப் போன் போட்டார். பிரீத்தி என்ற பெண் எடுத்தார். ஐந்து நிமிடம் தேடிவிட்டு, "சாரி மேடம், நாங்க அனுப்பின ஃபைலே சரியில்ல போலிருக்கு. நாளைக்கு மதியத்துக்குள்ள வேற அனுப்பறோம். அது வரைக்கும் சுவிட்ச்சை மட்டும் ஆஃப் பண்ணிடாதீங்க" என்றார்.

"சரிங்க கண்ணு" என்று போனை வைத்துவிட்டுக் கமலவேணி பழைய கோப்பைத் திரும்ப ஏற்றிவிடலாம் என்று லேப்டாப்பில் அதைத் திறந்தார். திறக்கவில்லை. பொங்கலுக்கு லேப்டாப் மாற்றியபோது பழைய லேப்டாப்பிலிருந்து வந்தது கோப்பு அல்ல, கோப்பைச் சுட்டுகிற வெறும் குறுக்குவழி. பெயர் மட்டும் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

அவர் ஸ்வெட்டரின் கையை இழுத்து விட்டுக்கொண்டார். "பேரப் பாத்தேனுங்க. தொறந்து பாக்குல" என்றார். எனக்குச் சொன்னது போலவும் இருந்தது, சொல்லாதது போலவும் இருந்தது.

சுவிட்ச்சில் விளக்குகள் எல்லாம் பச்சையாகத்தான் எரிந்துகொண்டிருந்தன. அடுப்பில் இருப்பது ஓடுகிறது. ஆனால் பரணில் இருப்பது பழுதான கோப்பு. ஒரு முறை கரண்ட் போனால் போதும், பெட்டி மறுபடி எழுந்திருக்காது. எழுந்திருக்காவிட்டால் பதினான்கு இயந்திரங்களும் கண்ணில்லாமல் ஓடும். மறுநாள் விடிந்தால் ஐந்து இயந்திரங்களில் குஞ்சு பொரிக்க வேண்டும். சூடு அரை டிகிரி தப்பினாலும் வெளியே யாருக்கும் தெரியாது.

சுவிட்ச்சுக்கும் இணைய மோடத்துக்கும் சேர்த்து யூ.பி.எஸ். ஒன்று உண்டு. அதன் பேட்டரி ஒரு மாதமாகச் செத்துக் கிடந்தது. அதனால்தான் அது ஓயாமல் கீச் கீச் என்று கத்திக்கொண்டிருந்தது, எல்லோருக்கும் காது பழகிவிட்டது. கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்க இருபது வினாடி ஆகும். அந்த இருபது வினாடியில் சுவிட்ச் அணைந்து எழுவது அங்கே வாராவாரம் நடப்பதுதான். யாரும் பொருட்படுத்தியதில்லை.

கமலவேணி முதலில் செய்தது முதலாளிக்குப் போன் போட்டதுதான். அவர் பரமத்தியில் இருந்தார். "நான்தானுங்க அழிச்சேன். நகல் இருக்குதுன்னு நெனச்சேன், இல்லீங்க. கரண்ட் போனா சுவிட்ச் வராதுங்க. சேந்தமங்கலத்து யூனிட்ல இதே மாதிரி பொட்டி இருக்குதுங்க, அதுல இருந்து எடுக்கப் பாக்கறேன்." அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, இவர், "வாங்க, வந்து திட்டுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அடுத்த போன் சேந்தமங்கலத்துக்கு. அங்கே குருமூர்த்தியின் இன்னொரு யூனிட்டைப் பார்த்துக்கொள்பவர் பூபதி. கமலவேணி இங்கிருந்தபடியே அந்தச் சுவிட்ச்சுக்குள் நுழைந்து, அதன் மூலக் கோப்பைத் தன் லேப்டாப்புக்கு இழுக்கத் தொடங்கினார். இணைப்பு மெதுவானது. ஆச்சரியக்குறிகள் ஒவ்வொன்றாக, யோசித்து யோசித்து விழுந்தன.

"பூபதிண்ணா, அங்க வானம் எப்படி இருக்குதுங்க?"

"ஏன் கேக்கறீங்க? கொல்லிமலைப் பக்கம் கருங்கும்முனு நிக்குது. காத்து எறங்கிருச்சு."

"கரண்ட்?"

"இன்னும் இருக்கு."

நான்காவது வரி ஆச்சரியக்குறியில் ஓடிக்கொண்டிருந்தது. பாதியில் ஒரு புள்ளி விழுந்தது. பிறகு இன்னொரு புள்ளி. பிறகு வரிசையாகப் புள்ளிகள். போனில் பூபதியின் குரல், "போயிருச்சுங்கம்மா" என்றது. அங்கே ஜெனரேட்டர் பிடித்து, சுவிட்ச் எழுந்து, இணைப்பு திரும்ப வர எட்டு நிமிடமாவது ஆகும். வந்ததும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சேந்தமங்கலத்தில் இறங்கிய காற்று நாமக்கல்லுக்கு வர எத்தனை நிமிடம் ஆகும் என்பதை அறையில் இருந்த இருவருமே மனதுக்குள் கணக்குப் போட்டோம். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் அசையவில்லை. அது நல்ல அறிகுறியாக எனக்குத் தோன்றவில்லை.

கமலவேணி யூ.பி.எஸ்ஸுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதன் முதுகில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். எழுந்து ஜன்னலைத் திறந்தார். குஞ்சுப் பெட்டி ஏற்றும் இடத்தில் டிரைவர் கதிர்வேல் தன் மினி லாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முப்பது வயது, மீசையை விடவும் வண்டியைக் கவனமாக வைத்திருப்பவர்.

"கதிர்வேலு, உன்ற வண்டிப் பேட்டரி பன்னெண்டா, இருவத்திநாலா?"

"பன்னெண்டு வோல்ட்டுதானுங்க அக்கா. ஏனுங்க?"

"கழட்டிட்டு வா சாமி."

"நாலு மணிக்கு லோடு இருக்குதுங்க அக்கா."

"நாளைக்குக் குஞ்சு பொரிச்சாத்தான அடுத்த லோடு."

கதிர்வேல் துணியைக் கீழே போட்டார். வண்டிக்கு அடியில் புகுந்தார். ஐந்து நிமிடத்தில் பேட்டரியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார், கழுத்தில் இரண்டு வயர் மாலை போலத் தொங்கியது. வேறு வண்டி ஸ்டார்ட் ஆகாதபோது கரண்ட் கொடுக்க வைத்திருக்கும் வயர். யூ.பி.எஸ்ஸின் மூடியைக் கழற்றி, செத்த பேட்டரியை எடுத்துவிட்டு, சிவப்பை ஒரு முனையிலும் கறுப்பை இன்னொரு முனையிலும் பிடித்தார்கள். சுவிட்ச் அணையக்கூடாது, எனவே எல்லாம் கரண்ட் ஓடும்போதே நடந்தது. கறுப்பு தொடும்போது ஒரு பொறி தெறித்தது. நான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தேன்.

ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த கீச் சத்தம் நின்றுபோயிற்று. அறை திடீரென்று பெரியதானது போல இருந்தது.

சேந்தமங்கலம் இணைப்பு திரும்ப வந்தது. முதல் ஆச்சரியக்குறி விழுந்தது. அப்போதுதான் வேப்பமரம் ஒரே பக்கமாகச் சாய்ந்தது. மண் வாசம் ஜன்னல் வழியாக வந்தது, அதற்குப் பின்னாலேயே காற்று வந்தது, எங்கோ தகரம் ஒன்று அடித்துக்கொண்டது. ஏ.சி. நின்றது. விளக்குகள் அணைந்தன, வெளியே மேகம் கவிந்திருந்ததால் அறை இருட்டானது. இருபது வினாடி. அந்த இருபது வினாடியும் மூன்று பேரும் இருட்டில் அந்தத் தட்டைப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம். இருபத்து நான்கு பச்சை விளக்குகளும் ஒரு முறைகூடக் கண் சிமிட்டவில்லை. திரையில் ஆச்சரியக்குறிகள் தங்கள் பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தன.

"என்ற பேட்டரிக்கு என்ன வயசுன்னு நெனைக்கறீங்க? நாலு வருசம்" என்று கதிர்வேல் இருட்டிலிருந்து சொன்னார்.

ஜெனரேட்டர் பிடித்தது. மூன்றரைக்குக் கோப்பு முழுவதும் லேப்டாப்புக்கு வந்தது. கமலவேணி இந்த முறை பெயரை மட்டும் பார்த்து நிறுத்தவில்லை. எத்தனை எழுத்து என்று அளவு பார்த்தார், எண்ணைச் சோதித்தார், சேந்தமங்கலத்துச் சுவிட்ச் காட்டிய எண்ணைக் காகிதத்தில் எழுதி, அதோடு ஒவ்வோர் இலக்கமாக வாய்விட்டுப் படித்து ஒப்பிட்டார். கதிர்வேல் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு 'ஆமா', 'ஆமா' என்று சொன்னார். பிறகு சுவிட்ச்சிலிருந்த பழுதான கோப்பை அழித்து, இதைப் பரணில் ஏற்றி, அங்கேயும் அதே எண்ணை ஒப்பிட்டார். பொருந்தியது.

குருமூர்த்தி நனைந்துகொண்டு வந்து சேர்ந்தபோது நாலேகால். தரையில் லாரி பேட்டரியைப் பார்த்தார், கதிர்வேலைப் பார்த்தார், மருந்து விற்கிற என்னையும் பார்த்தார்.

"கோவைக்காரங்க கெட்ட ஃபைலை அனுப்பிட்டு, இப்ப நம்ம சைடுல தப்பான்னு கேப்பாங்க. அவங்க மேலயே எழுதிரு" என்றார்.

"அவங்க ஃபைலு கெட்டதுதானுங்க. அதையும் எழுதிட்டேன்" என்று சொல்லி கமலவேணி பணிப் பதிவு நோட்டைத் திருப்பிக் காட்டினார். மதியம் இரண்டு இருபது என்று நேரம் போட்டு, அதற்குக் கீழே: 'பழைய கோப்பை நான் அழித்தேன். நகலின் பெயரைப் பார்த்தேன். திறந்து பார்க்கவில்லை.' அடித்தல் திருத்தல் இல்லை.

முதலாளி அதைப் படித்துவிட்டு மூக்கைச் சொறிந்துகொண்டார். திட்டுவதற்காக வழியெல்லாம் தயார் செய்து வந்தது பயன்படாமல் போன முகம். "சரி, ஓடுதில்ல? விடு. எல்லாரும் டீ குடிங்க" என்றார்.

"ஓடறது அடுப்புலீங்க. பரண்ல இருக்கறது எழுந்திரிக்குமான்னு இன்னும் பாக்குலீங்களே."

"எண்ணு சரியா இருக்குன்னு இப்பத்தான சொன்ன?"

"எண்ணு சரிதானுங்க. அணைச்சுப் போட்டுப் பாத்தாத்தான் தெரியும். நாளைக்கு வெடியால குஞ்சு எறங்கும்போது தெரியறதுக்கு, இப்பவே தெரிஞ்சுட்டுப் போகட்டும். பாக்காம ஊட்டுக்குப் போனா எனக்குச் சோறு எறங்காதுங்க."

குருமூர்த்தி மறுக்கப் போனவர், நோட்டை ஒரு முறை பார்த்துவிட்டுச் சரி என்று தலையாட்டினார்.

கமலவேணி இயந்திர அறைக்குப் போய் பொன்னாயியை அழைத்தார். பொன்னாயி அங்கே முட்டை அடுக்கும் பெண்களுக்கெல்லாம் தலைவி மாதிரி. "அக்கா, ஒரு கா மணி நேரம் திரையில ஒண்ணும் வராது. ஆளுக்கு மூணு மெசினு எடுத்துக்கிட்டு, மெசினு மேல இருக்கற நம்பரைக் கண்ணால பாத்துச் சொல்லிட்டே இருங்க."

"அதுக்கென்ன, நாங்க என்ன குருடா?" என்றார் பொன்னாயி. பெண்கள் இயந்திரங்களுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்கள். முப்பத்தேழு புள்ளி ஆறு, முப்பத்தேழு புள்ளி ஏழு என்று ஏலம் விடுவது போல நடையெங்கும் குரல்கள் கேட்டன.

அறைக்குத் திரும்பி வந்து, சுவிட்ச்சின் பின்பக்கம் கை விட்டு, கமலவேணி பிளக்கைப் பிடுங்கினார்.

இருபத்து நான்கு விளக்குகளும் ஒன்றாக அணைந்தன. பத்து எண்ணிவிட்டுத் திரும்பச் செருகினார். ஒரே ஒரு விளக்கு மஞ்சளாக எரிந்தது. பிறகு வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டாயிற்று. கதிர்வேல் நகத்தைக் கடித்தார். குருமூர்த்தி கைக்குட்டையால் தலையைத் துவட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, கைக்குட்டையைத் தலைமேலேயே விட்டுவிட்டார். என் வேலை இல்லைதான், ஆனாலும் நானும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். கமலவேணி மட்டும் சுவரில் சாய்ந்து நின்றபடி வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்காவது நிமிடத்தில் மஞ்சள் விளக்கு பச்சையானது. பிறகு ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக, யாரோ வரிசையாகக் கூப்பிடுவது போல, இருபத்து நான்கும் எரிந்தன. திரையில் பதினான்கு இயந்திரங்களின் எண்களும் வந்து விழுந்தன. நடையில் பெண்கள் சொல்லிக்கொண்டிருந்த அதே எண்கள்.

குருமூர்த்தி நீளமாக மூச்சு விட்டார். "அவ்வளவுதானம்மா? இப்பவாவது டீ குடிக்கலாமா?" என்றார்.

"ஒருக்கா வந்தது தற்செயலா இருக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு, கமலவேணி மறுபடியும் குனிந்து பிளக்கைப் பிடுங்கினார்.